சம்மாந்துறை நெல் மில்லுக்கு 925 இலக்க முதன்மை எண்

சம்மாந்துறையில் ஒரு நெல் மில். அதன் அரிசிக்கடை கல்முனையில். மில்லில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கணினி, கடையில் இன்னொன்று. யாருடைய நெல், எத்தனை மூட்டை, ஈரம் எவ்வளவு, கிலோ என்ன விலைக்கு எடுத்தார்கள், வேளாண்மைக்காரர் முற்பணமாக வாங்கியது எவ்வளவு என்று லொறி நிற்கும்போதே விபரம் மில்லிலிருந்து கடைக்குப் போய்விடும். போவது இணையத்தின் வழியாக. ஒருவருடைய கடன் எவ்வளவு என்பது அவருக்கும் முதலாளிக்கும் இடையில் இருக்க வேண்டிய விஷயம். அதனால் பூட்டித்தான் அனுப்ப வேண்டும்.

இந்த மென்பொருளை வெகுகாலத்துக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது பராமரிப்பு என் கையில். சிறுபோக அறுவடை முடிந்து மில் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் உள்ளே திறந்து பார்த்தேன். இரண்டு கணினிகளும் சாவியை ஒத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு நீளமான எண் பொதிந்து கிடந்தது. எங்கிருந்து வந்தது, யார் தெரிவு செய்தார், ஏன் இந்த எண் என்று ஒரு வரிக் குறிப்பும் இல்லை. அந்த எண்ணைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்ததும், அதற்காக ஒரு சின்ன லைப்ரரி (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) எழுதியதும்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த எண் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். 1976 இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட முறை இது. 23 ஐ வைத்துச் சொல்கிறேன். ஒளிக்காமல் எல்லோருக்கும் தெரியவிடும் முதன்மை எண் (1 ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண்) 23, அடி எண் 2. மில் தன் இரகசியமாக 4 ஐ எடுக்கிறது. 2 இன் 4 ஆம் வலு 16, அதை அனுப்புகிறது. கடையின் இரகசியம் 7. 2 இன் 7 ஆம் வலு 128, அதை 23 ஆல் வகுத்தால் மீதி 13, அதை அனுப்புகிறது. மில் 13 ஐ 4 ஆம் வலுவுக்கு ஏற்றி மீதி எடுத்தால் 18. கடை 16 ஐ 7 ஆம் வலுவுக்கு ஏற்றி மீதி எடுத்தாலும் 18. வழியில் ஒட்டுக்கேட்டவர் கண்டது 16, 13 இரண்டையும்தான். 18 கம்பியில் போகவே இல்லை. 23 சின்ன எண் என்பதால் ஒட்டுக்கேட்டவர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து 4 ஐக் கண்டுபிடித்துவிடுவார். எண் நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்கு நீண்டால் அது நடக்காது.

நீளம் மட்டும் காணாது. 31 ஐ எடுத்துப் பாருங்கள், அதுவும் முதன்மை எண்தான். ஆனால் 31 இல் 1 குறைத்தால் 30, அதன் காரணிகள் 2, 3, 5. எதிராளி 5 ஐ அனுப்பினார் என்று வையுங்கள். 5 இன் வலுக்களை 31 ஆல் வகுத்து மீதி எடுத்தால் 5, 25, 1, திரும்பவும் 5, 25, 1. நம் இரகசியம் என்னவாக இருந்தாலும் விடை இந்த மூன்றில் ஒன்று. அது மட்டுமல்ல, நேர்மையான பரிமாற்றத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கூட இரகசியத்தை 2 ஆல், 3 ஆல், 5 ஆல் வகுத்த மீதிகளைத் தனித்தனியாகப் பிடித்து, சீன மீதித் தேற்றத்தால் ஒன்றுசேர்த்துவிடலாம். 30 தடவை தேட வேண்டியது பத்துத் தடவையாகச் சுருங்கும். போலிக்கும் ஹெல்மனும் 1978 இல் காட்டிய வழி இது.

23 க்கு இந்தச் சிக்கல் இல்லை. 1 குறைத்தால் 22, அதாவது 2 தர 11, அந்த 11 உம் முதன்மை எண். ஒன்றைக் குறைத்துப் பாதியாக்கினால் அதுவும் முதன்மை எண்ணாக இருப்பதைப் பாதுகாப்பான முதன்மை எண் என்பார்கள். அந்தப் பாதி எண்ணுக்குப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் சோஃபி ஜெர்மேனின் பெயர் வழங்குகிறது.

சரி, மில்லில் கிடந்த எண்ணுக்கு வருவோம். 0, 1 மட்டும் வைத்துத் துவிதத்தில் எழுதினால் 1024 இலக்கம், அதாவது 1024 பிட் நீளம். முதன்மை எண்தான், அந்தளவில் ஆறுதல். ஆனால் ஒன்றைக் குறைத்துச் சிறு எண்களால் வகுத்துப் பார்த்தபோது 3 ஆல் போனது, 7 ஆல் போனது, 13 ஆலும் போனது. மேலே போகப் போக இன்னும் காரணிகள் உதிர்ந்தன. போதாததற்கு எதிர்ப்பக்கம் அனுப்பும் எண்ணை எந்தச் சோதனையும் இல்லாமல் அப்படியே எடுத்துப் பயன்படுத்துகிறது அந்தக் கோட். 31 இல் 5 ஐ அனுப்பிய வேலையை யாரும் இங்கே செய்யலாம்.

1024 பிட் என்பதே இன்று காணாது. 2015 இல் லொக்ஜாம் என்ற தாக்குதலை ஆய்வாளர்கள் காட்டினார்கள். 512 பிட் எண் ஒன்றுக்கு ஒரு வாரம் முன்கூட்டியே கணக்குச் செய்து வைத்துக்கொண்டால், அதே எண்ணைப் பயன்படுத்தும் ஒவ்வோர் இணைப்பையும் ஒரு நிமிடச் சொச்சத்தில் உடைக்கலாம். 1024 பிட்டுக்கும் ஓர் அரசாங்கத்தின் வசதி இருந்தால் எட்டும் என்பது அவர்கள் மதிப்பீடு. 2019 இல் 795 பிட் பாதுகாப்பான முதன்மை எண்ணுக்கே விடை கண்டுவிட்டார்கள்.

புதிதாக எண் வேண்டும். நானே ஒன்றை உருவாக்கலாமா என்று முதலில் யோசித்தேன். 3072 பிட் அளவில் ஏறக்குறைய 2130 எண்களுக்கு ஒன்று முதன்மை எண். பாதியும் முதன்மையாக இருக்க வேண்டும் என்றால் சராசரியாக 34 இலட்சம் ஒற்றை எண்களுக்கு ஒன்றுதான் அகப்படும். சிறு காரணி உள்ளவற்றைச் சல்லடை போட்டு முதலிலேயே தள்ளிவிடலாம், ஆனாலும் மில் கணினிக்கு அது கனத்த வேலை. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் அந்த அறைக்குள் மனுசரே இருக்க முடியாது, இயந்திரம் எப்படி இருக்கும்? ஓட விட்டால் விசிறி இரைந்துகொண்டே கிடக்கும், கரண்ட் போனால் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். என் வீட்டு இயந்திரத்தில் உருவாக்கலாம்தான். ஆனால் நேரத்தைவிட எனக்கு உறுத்திய கேள்வி வேறு. நான் உருவாக்கிய எண்ணை மில்லின் முதலாளி எப்படி நம்புவார்? எனக்குப் பிறகு இந்த வேலையை எடுப்பவர் எப்படி நம்புவார்? பழைய எண்ணைப் பார்த்து நான் கேட்டதையே அவரும் கேட்பார்.

இது வெறும் சந்தேகமல்ல. 2016 இல் ஓர் ஆய்வுக் குழு, உள்ளுக்குள் இரகசிய வடிவம் மறைத்து வைக்கப்பட்ட 1024 பிட் முதன்மை எண் ஒன்றைச் செய்து, இரண்டு மாதச் சொச்சத்தில் அதை உடைத்தும் காட்டியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த எண்ணுக்கும் நல்ல எண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. அதே 2016 இன் தொடக்கத்தில் சோகட் என்ற பரவலான வலையமைப்புக் கருவியில் பொதிந்திருந்த 1024 பிட் எண் முதன்மை எண்ணே இல்லை என்று வெளிவந்தது. எல்லோரும் பார்க்கக்கூடிய திறந்த கோட் அது. ஆனால் எண்ணைச் சோதித்துப் பார்ப்பதென்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே எண்ணோடு அதன் பிறப்புச் சான்றும் வர வேண்டும். அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2003 இல் வந்த ஆர்எஃப்சி 3526 என்ற இணைய நெறிமுறை ஆவணம் 1536 இலிருந்து 8192 பிட் வரை பாதுகாப்பான முதன்மை எண்களைத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் சூத்திரமும் இருக்கிறது. 3072 பிட் எண்ணின் சூத்திரத்தைச் சொல்லால் சொல்கிறேன். வட்டத்தின் பரிதியை விட்டத்தால் வகுத்தால் வரும் பையை 2 இன் 2942 ஆம் வலுவால் பெருக்கி, தசமத்தை வெட்டிவிடுங்கள். அதோடு 1690314 ஐக் கூட்டுங்கள். 2 இன் 64 ஆம் வலுவால் பெருக்குங்கள். அதோடு 2 இன் 3072 ஆம் வலுவைக் கூட்டி, 2 இன் 3008 ஆம் வலுவைக் கழித்து, கடைசியில் 1 ஐயும் கழித்துவிடுங்கள். 925 இலக்க எண் கிடைக்கும்.

துவிதத்தில் எழுதிப் பார்த்தால் இதன் அழகு தெரியும். முதல் 64 பிட்டும் 1. கடைசி 64 பிட்டும் 1. முன்னால் உள்ள 1 களைத் தாண்டியதும் 1100 1001 0000 1111 1101 1010 1010 0010 என்று தொடங்குகிறது. பையைத் துவிதத்தில் எழுதினால் 11 புள்ளி 0010 0100 0011 1111 என்று வரும். புள்ளியை எடுத்துவிட்டு நான்கு நான்காகப் பிரித்துப் பாருங்கள், அதே வரிசை. பையை யாரும் தனக்கு வசதியாக வளைக்க முடியாது. மனிதக் கை பட்ட இடம் 1690314 என்ற சின்ன எண் மட்டும். எண்ணும் அதன் பாதியும் முதன்மையாக வருவதற்காகக் கூட்டியது அது, 21 பிட்டுக்குள் அடங்கிவிடும்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மருமகன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன் மாமா, அந்த ஆவணத்தில எண்ணே இருக்குதானே. கொப்பி பண்ணினாப் போதாதா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கொப்பி பண்ணிய எண்ணில் நடுவில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, கோடும் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடும். சோகட்டில் அந்த எண் எப்படி வந்ததென்று இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை. ஆகவே எழுதும் லைப்ரரி எண்ணைச் சுமந்துகொண்டு வராது, சூத்திரத்தைச் சுமந்துகொண்டு வரும். நிறுவும்போது அந்த இயந்திரத்திலேயே எண்ணைக் கணக்கிடும், ஆவணத்தில் அச்சான எண்ணோடு ஒப்பிடும், இரண்டும் ஒன்றானால் மட்டும் வேலைக்கு எடுக்கும். "அப்ப இரண்டு வழியால வரணும்" என்றான். ஓம், அதுதான்.

பைதனில் எழுதினேன். அதில் முழு எண்கள் எவ்வளவு நீளமாகவும் போகலாம் என்பதால் வேறு எதையும் சேர்க்கத் தேவையில்லை. பையைக் கணக்கிட ஜோன் மேச்சின் 1706 இல் கண்ட சூத்திரம் போதும்: ஐந்தில் ஒன்றின் நேர்மாறு தாஞ்சனை 16 ஆல் பெருக்கி, 239 இல் ஒன்றின் நேர்மாறு தாஞ்சனை 4 ஆல் பெருக்கிக் கழிப்பது. எல்லாவற்றையும் 2 இன் பெரிய வலு ஒன்றால் பெருக்கி வைத்துக்கொண்டு முழு எண்ணிலேயே செய்யலாம். கவனிக்க வேண்டியது ஒன்று. ஒவ்வோர் உறுப்பிலும் வகுக்கும்போது தசமம் வெட்டுப்படும், அறுநூற்றுச் சொச்சம் உறுப்புகளில் அந்தச் சிறு பிழைகள் சேர்ந்து கடைசி பிட்டுகளைக் கெடுத்துவிடும். அதனால் தேவைக்கு மேல் 64 பிட் கூடுதலாக வைத்துக் கணக்கிட்டு, முடிவில் அந்த 64 ஐயும் வெட்டியெறிய வேண்டும். இதைச் செய்தால் விடை அச்சொட்டாக வரும். மில்லின் பழைய கணினியிலேயே கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறது.

2016 இல் வந்த ஆர்எஃப்சி 7919 இல் பைக்குப் பதில் இயற்கை மடக்கையின் அடியான 2.718 வருகிறது. வடிவம் அதேதான். 2048 பிட்டுக்குக் கூட்டும் எண் 560316. அதையும் லைப்ரரியில் சேர்த்தேன்.

அடுத்தது சோதனை. மில்லர் 1976 இல் தொடங்கி ராபின் 1980 இல் செப்பனிட்ட சோதனையைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஓர் அடி எண்ணைத் தெரிவு செய்து சோதித்தால், முதன்மையல்லாத எண் ஏமாற்றித் தப்புவதற்கு உள்ள வாய்ப்பு கூடினால் நாலில் ஒன்று. அடி எண்ணை எழுமாறாக எடுப்பது மிக முக்கியம். எப்போதும் 2, 3, 5, 7 என்று அதே அடிகளை வைத்தால், அவற்றை ஏமாற்றுவதற்கென்றே எண்ணைச் செய்யலாம். 307 க்குக் குறைந்த எல்லா முதன்மை அடிகளையும் ஏமாற்றும் 397 இலக்க எண்ணை ஆர்னோ 1995 இல் செய்து காட்டினார். பல லைப்ரரிகளில் அடிகள் நிலையாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும், ஒரே ஒரு வரி மாற்றத்தில் தீரும் விஷயம் அது.

இதில் ஒரு சுகமும் இருக்கிறது. பாதி எண் முதன்மை என்று தெரிந்துவிட்டால், முழு எண்ணுக்கு வாய்ப்புக் கணக்கே தேவையில்லை, நிறுவிவிடலாம். பொக்லிங்டன் 1914 இல் தந்த தேற்றத்தின் பயன் அது. நம்முடைய எண்கள் துவிதத்தில் 1 களில் முடிவதால் 8 ஆல் வகுத்தால் மீதி 7. அப்படிப்பட்ட எண்ணுக்கு 2 ஐப் பாதி எண்ணின் வலுவுக்கு ஏற்றி முழு எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 23 இல் பாருங்கள்: 2 இன் 11 ஆம் வலு 2048. ஒன்றைக் குறைத்தால் 2047, அது 23 தர 89. மீதி 1 சரியாக வருகிறது. ஆகவே எழுமாற்று அடிகள் அறுபத்துநான்கையும் பாதி எண்ணுக்கே செலவழித்து, முழு எண்ணுக்கு இந்த ஒரே கணக்கை வைத்தேன். 2 ஐ அடியாக எடுத்தால் இரகசியத்தின் ஒற்றை இரட்டைகூடக் கசியாது என்பதும் இதே கணக்கிலிருந்து கிடைக்கிறது.

லைப்ரரியை வெளியிலிருந்து பயன்படுத்துவது சுலபம். அளவைச் சொன்னால் முழு எண், பாதி எண், அடி எண், இரகசியம் குறைந்தது எத்தனை பிட் இருக்க வேண்டும் என்ற நான்கையும் தரும். 2048 க்குக் குறைவாகக் கேட்டால் தராது, பிழை சொல்லி நிற்கும். எதிர்ப்பக்கம் அனுப்பும் எண்ணைச் சோதிக்க ஒரு செயற்கூறு: 0, 1, முழு எண்ணில் ஒன்று குறைந்தது, அதற்கு மேற்பட்டவை எல்லாவற்றையும் தள்ளிவிடும். பாதுகாப்பான முதன்மை எண்ணில் சின்னச் சுழலில் மாட்டும் எண்கள் வேறு இல்லை என்பதால் இவ்வளவு போதும். மில்லுக்கு 3072 ஐ எடுத்தேன். இரகசியம் 512 பிட், முழு நீளத்தின் ஆறில் ஒன்று. இதே 3072 அளவுக்கு ஆர்எஃப்சி 7919 கேட்பது 275 பிட்தான், நான் தாராளமாக வைத்தேன். பழைய எண்ணில் இப்படி இரகசியத்தைச் சுருக்கியிருந்தால் உதிரும் காரணிகள் அதை இன்னும் வேகமாகக் காட்டிக்கொடுத்திருக்கும்.

மாற்றிப் போட்டதும் இணைப்பு நன்றாக ஓடியது. ஆனால் எப்போதாவது ஒரு தடவை கடைப் பக்கம் சாவி பொருந்தவில்லை என்று இணைப்பு விழும், திரும்பப் போட்டால் சரியாகிவிடும். "அது முந்தியும் அப்பிடித்தான் தம்பி, திரும்ப ஒருக்காப் போட்டா வரும்" என்றார் கடையில் கணக்குப் பார்க்கும் நானா. முந்தியும் இருந்தது என்றால் புதிய எண்ணில் குறையில்லை. இரண்டு பக்கமும் விழுந்த இணைப்புகளின் பதிவை எடுத்து, இரண்டு பக்கமும் கணக்கிட்டு எடுத்த சாவியை பைட் பைட்டாக (8 பிட் ஒரு பைட்) வைத்துப் பார்த்தேன். மில் பக்கம் 384 பைட், கடைப் பக்கம் 383. விழுந்த ஒவ்வொன்றிலும் முதல் பைட் பூச்சியம்.

கடைப் பக்கம் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவாவின் பெரிய எண்ணை பைட்டாக மாற்றினால், முதல் பிட் 1 ஆக இருக்கும்போது குறி காட்டுவதற்கென்று முன்னால் ஒரு பூச்சிய பைட்டைச் சேர்க்கும். அதைக் கழற்ற நினைத்தவர் முன்னால் வரும் பூச்சியம் எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறார். உண்மையான எண்ணே பூச்சிய பைட்டில் தொடங்கும்போது அதுவும் போய்விடும். 256 இல் ஒன்றுக்கு அப்படித்தான் வரும். ஒரு பைட் குறைந்ததும் அதிலிருந்து எடுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற நிலையான நீளச் சுருக்கம் முற்றாக வேறாகிவிடும். முன்பூச்சியத்தைக் கழற்றுவது பிழை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. 2020 இல் வெளிவந்த ரக்கூன் தாக்குதல், கழற்றுவதால் வரும் நேர வித்தியாசத்தை அளந்துதான் சாவியை நெருங்கியது. இரண்டு பக்கமும் எப்போதும் 384 பைட்டுக்கு முன்னால் பூச்சியம் நிரப்பும்படி செய்து, அந்த வேலையையும் லைப்ரரிக்குள்ளேயே வைத்துவிட்டேன். சோதனைக் கோப்பில் முதல் பைட் பூச்சியமாக வரும் ஓர் இரகசியத்தைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறேன், இனி யாராவது இதைக் கழற்றினால் உடனே கத்தும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன். 2 இன் 255 ஆம் வலுவில் 19 குறைந்த முதன்மை எண்ணின் மேல் நிற்கும் எக்ஸ்25519 என்ற சாவிப் பரிமாற்ற முறை சின்னது, வேகமானது, தவறு செய்ய இடம் குறைவு. பெரிய குவாண்டம் கணினி வந்தால் இரண்டுமே விழும், அதற்கென்று 2024 இல் தனித் தரநிலையும் வந்துவிட்டது. மில்லில் பழைய நெறிமுறையை முழுவதும் கழற்ற முதலாளி இந்தப் போகத்தில் சம்மதிக்கவில்லை. "பெரும்போக நெல் ஏறி முடியட்டும் தம்பி" என்றார், நியாயம்தான். அதுவரை இந்த எண் தாங்கும்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. இந்தப் பரிமாற்றம் ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கும், நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தானே பேசுபவரைத் தடுக்காது. அதற்கு இரண்டு கணினியிலும் ஒரே நீண்ட கடவுச்சொல்லைக் கையால் பதிந்து, பரிமாறிய எண்களை அதோடு சேர்த்து முத்திரையிட்டு ஒப்பிடும்படி வைத்தேன்.

இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் 1536 பிட்டில் தொடங்குங்கள், பழகுவதற்கு மட்டும். பையை 2 இன் 1406 ஆம் வலுவால் பெருக்குங்கள், கூட்டும் எண் 741804, கழிக்கும் வலு 1472. நடுவில் ஓர் இலக்கத்தை வேண்டுமென்றே மாற்றிவிட்டு உங்கள் சோதனை பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்த பிறகு 3072 க்குப் போங்கள்.